எக்சோசோம் மருந்து திட்டக்குடிக்கு வருமா?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இதயநோயைப் பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று அமைப்பாளர்கள் எனக்கு உரிமை கொடுத்தார்கள். உப்பைக் குறையுங்கள், புகையை விடுங்கள், தினமும் நடங்கள் என்று சொல்லிவிட்டு இறங்கியிருக்கலாம். அவையெல்லாம் உண்மை, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையும்கூட. நான் எடுத்துக்கொண்ட கேள்வி வேறு. மாரடைப்பில் செத்துப்போகும் இதயத்தசையைக் காக்கவோ மீட்கவோ மருந்து உண்டா? உலகின் ஆய்வகங்கள் இதற்கு இன்று தரும் பதில்களில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது எக்சோசோம். அந்தப் பெயரை உங்களில் சிலர் முடி, தோல் சிகிச்சை விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த விளம்பரங்களுக்குப் பிறகு வருகிறேன்.

வைத்தியநாத சுவாமி குடிகொண்ட இந்தத் திட்டக்குடியில், வெள்ளாற்றங்கரையில் நின்று இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. புதிய மருத்துவம் எதுவானாலும் சென்னையில் கிடைக்கிறதா, வேலூரில் கிடைக்கிறதா என்று கேட்பதே நம் வழக்கம். திட்டக்குடியில் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இதயத்தசையை மீட்க இதற்கு முன் முயன்ற சிகிச்சைகளில் அந்தக் கேள்விக்கு இடமே இருந்ததில்லை. எக்சோசோமில் இடம் இருக்கிறது.

இதயத்திலிருந்தே தொடங்குகிறேன். உடலெங்கும் ரத்தத்தை அனுப்பும் இடது கீழறையில் மட்டும் 200 முதல் 400 கோடி தசைச்செல்கள் இருக்கின்றன. பெரிய மாரடைப்பு ஒன்று சில மணி நேரத்தில் 100 கோடி செல்களைக் கொன்றுவிடும். கையில் வெட்டுப்பட்டால் தோல் கூடிவிடுகிறது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் வளர்ந்துவிடுகிறது. இதயத்தசை வளர்வதில்லை. செத்த இடத்தில் தழும்பு உண்டாகிறது. தழும்புக்குச் சுருங்கி விரியத் தெரியாது. மிச்சமுள்ள தசை இரட்டிப்பு வேலை செய்து களைத்து, அறை ஊதிப் பெருத்து, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலை வருகிறது. இதைத்தான் இதயச் செயலிழப்பு என்கிறோம்.

இதயத்தசை அறவே வளர்வதில்லையா? இந்தக் கேள்விக்கு விடை கண்ட விதம் அறிவியல் வரலாற்றில் மிக அழகான ஒன்று. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் திறந்தவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன் 14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறத்தாழ இரட்டிப்பானது. அத்தகைய சோதனைகளைத் தடுத்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது ஆண்டுதோறும் குறைந்துவந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டிஎன்ஏவுக்குள் சேரும் கார்பன், அந்த ஆண்டின் காற்றில் இருந்த அளவைக் காட்டும். ஆகவே செல்லின் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டுவிடலாம். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் யோனாஸ் ஃபிரிசேன் குழுவினர் இறந்தவர்களின் இதயங்களை இப்படி ஆராய்ந்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். 25 வயதில் ஆண்டுக்கு 1 விழுக்காடு தசைச்செல்கள் புதுப்பிக்கப்படுகின்றன. 75 வயதில் அது 0.45 விழுக்காடு. பூஜ்யமில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் 100 கோடி செல்களை ஒரே பகலில் இழந்தவருக்கு இந்த வேகம் எந்த மூலைக்கும் போதாது.

அப்படியானால் வெளியிலிருந்து புதுச் செல்களைப் போட்டால் என்ன? 2000ஆம் ஆண்டு ஜூனில் பாரீஸில் பிலிப் மெனாஷே என்ற இதய அறுவை மருத்துவர், நோயாளியின் தொடைத்தசையிலிருந்து எடுத்து வளர்த்த செல்களை அவருடைய இதயத்தில் செலுத்தினார். அடுத்து எலும்பு மஜ்ஜைச் செல்கள் வந்தன. வேறு செல்களாக மாறும் திறனுள்ள ஸ்டெம் செல்களின் அலை உலகமெங்கும் எழுந்தது. இந்தியாவிலும் மாரடைப்பு வந்த 250 பேரிடம் மஜ்ஜைச் செல்களைச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வெளியானபோது, செல் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் இதயத்தின் இறைக்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஐரோப்பாவில் 375 பேரிடம் நடந்த சோதனையும் 2020இல் இறப்பைக் குறைத்ததாகக் காட்டவில்லை.

இதற்கிடையே ஒரு பெரிய இழுக்கும் நேர்ந்தது. வளர்ந்த மனித இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல்கள் இருக்கின்றன, அவற்றைப் பெருக்கித் தசையை வளர்க்கலாம் என்று அமெரிக்காவில் பியரோ அன்வெர்சா என்ற ஆய்வாளர் பல ஆண்டுகள் எழுதிவந்தார். அதை நம்பி எத்தனையோ ஆய்வகங்கள் உழைத்தன, நோயாளிகள் சோதனைகளில் சேர்ந்தார்கள். 2018இல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியும் அதன் மருத்துவமனையும் அவருடைய 31 ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று அறிவித்தன. தரவுகள் பொய்யாகவோ திரிக்கப்பட்டோ இருந்தன. இதை நான் மறைக்காமல் சொல்வதற்குக் காரணம், எக்சோசோமும் இதே தெருவில் நடந்து வருவதுதான். முன்னே போனவர் விழுந்த குழியைத் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும்.

ஆனால் அந்தப் பல ஆண்டு உழைப்பும் வீண் என்று தள்ளிவிட முடியாது. ஒரு புதிர் மிஞ்சியது. விலங்குகளின் இதயத்தில் செலுத்திய செல்களில் பெரும்பாலானவை சில நாள்களிலேயே செத்தோ வெளியேறியோ போய்விட்டன. அப்படியிருந்தும் சில விலங்குகளின் இதயம் முன்னேறியது. ஆள் போன பிறகும் அவன் செய்த வேலை எப்படி நிற்கிறது?

இந்தப் புதிரை அவிழ்த்தவர்களில் முக்கியமானவர் சிங்கப்பூரின் லிம் சாய் கியாங் அம்மையார். அவரும் நெதர்லாந்தின் டொமினிக் டி கிளைன் போன்ற இதய ஆய்வாளர்களும் சேர்ந்து எளிய கேள்வி ஒன்றைக் கேட்டார்கள். செல்லையே செலுத்தாமல், செல் வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினால்? செல்லை வடிகட்டி எறிந்துவிட்டு அந்தத் திரவத்தைப் பன்றிகளுக்குக் கொடுத்தார்கள். மாரடைப்பால் சேதமாகும் பரப்பு குறைந்தது. சரி, திரவத்தில் உள்ள எந்தப் பொருள் இதைச் செய்கிறது? அளவு வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். சிறிய புரதங்கள் இருந்த பகுதி பயன் தரவில்லை. மிகப் பெரிய துகள்கள் இருந்த பகுதி மட்டும் வேலை செய்தது. அந்தத் துகள்களைத் தனியே பிரித்து எலிகளுக்குக் கொடுத்தபோது அவையே இதயத்தைக் காத்தன. 2010இல் வெளியான அந்தக் கட்டுரை, துகள்களை எக்சோசோம்கள் என்று அடையாளம் காட்டியது. படிப்படியாகக் கழித்துக் கழித்து உண்மையை நெருங்கிய இந்த ஆய்வை மாணவர்கள் ஒருமுறையாவது முழுதாகப் படியுங்கள். கூர்மையான கேள்வியே அதன் பெரிய கருவி.

எக்சோசோம் என்பது என்ன? செல்லுக்குள் கொழுப்புச் சவ்வாலான சிறு பைகள் உண்டு. அந்தப் பைகளுக்குள்ளே இன்னும் சிறிய பைகள் உருவாகி, பெரிய பை செல்லின் வெளிச்சவ்வோடு ஒட்டித் திறக்கும்போது அவை வெளியே கொட்டப்படுகின்றன. ஒன்றின் குறுக்களவு சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். உங்கள் தலைமுடியின் குறுக்கே ஐந்நூறுக்கு மேல் வரிசையாக வைக்கலாம். 1983இல் மான்ட்ரியலில் ரோஸ் ஜான்ஸ்டோனின் குழுவும் செயின்ட் லூயிஸில் பிலிப் ஸ்டால் குழுவும், முதிரும் சிவப்பணுக்களில் இதைக் கண்டார்கள். தனக்கு இனி வேண்டாத புரதங்களைச் செல் வெளியேற்றும் வழி என்றே அப்போது நினைத்தார்கள். குப்பை என்று நினைத்ததால் கால் நூற்றாண்டு அதிகம் பேர் குனிந்து பார்க்கவில்லை.

2007இல் சுவீடனின் கோத்தன்பர்கில் யான் லோட்வாலின் குழு, இந்தப் பைகளுக்குள் மரபுச் செய்தி தாங்கும் ஆர்என்ஏ இருக்கிறது, அது இன்னொரு செல்லுக்குள் போய் அங்கே வேலையும் செய்கிறது என்று காட்டியது. எல்லாம் மாறியது. நம் இலக்கியத்தில் கிளியும் மேகமும் நாரையும் தூது போகின்றன. செல்லுக்கும் தூது உண்டு என்று தெரிந்தது. மாரடைப்பு நேர்ந்த இதயமே எக்சோசோம்களை ரத்தத்தில் அனுப்பி, தொலைவில் இருக்கும் எலும்பு மஜ்ஜையைத் தட்டி எழுப்புகிறது என்பது வரை இன்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். எந்த உறுப்பின் எக்சோசோமில் என்னென்ன சரக்கு இருக்கிறது என்று உலக ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கும் எக்சோகார்ட்டா என்ற தரவுத்தளம் 2009இல் வந்தது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஆஸ்திரேலியாவில் பணியாற்றும் சுரேஷ் மதிவாணன்.

2014இல் லாஸ் ஏஞ்சலிஸில் எட்வர்டோ மார்பான் குழு இன்னொரு அழுத்தமான சான்றைத் தந்தது. இதயத்திலிருந்து எடுத்து வளர்த்த செல்கள் சுண்டெலிகளுக்கு நன்மை செய்தன. அந்தச் செல்கள் எக்சோசோம் வெளியிடாதபடி தடுத்ததும் நன்மை நின்றுவிட்டது. செல் இல்லாமல் எக்சோசோமை மட்டும் கொடுத்தபோது நன்மை திரும்பியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எக்சோசோம் செத்த செல்லை உயிர்ப்பிக்காது. புதிய தசையை அள்ளி வளர்க்கும் என்பதற்கும் வலுவான சான்று இல்லை. அது செய்வது வேறு. சாகும் தறுவாயில் இருக்கும் செல்லைச் சாகாமல் பிடித்துவைக்கிறது. அங்கே திரளும் அழற்சிச் செல்களின் மூர்க்கத்தைத் தணிக்கிறது. நுண்ணிய ரத்தக்குழாய்கள் துளிர்க்கத் தூண்டுகிறது. தழும்பு பெரிதாகாமல் பார்த்துக்கொள்கிறது. அடைப்பை நீக்கி ரத்தம் திரும்பப் பாயும்போது, அந்தப் பாய்ச்சலே இதயத்தசையில் ஒரு பங்கைக் கொல்கிறது என்பது உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆக்சிஜன் திடீரென்று வந்து இறங்கும் அந்தச் சில நிமிடங்களின் சேதத்தைத் தடுக்க இன்றுவரை உறுதியான மருந்து எதுவும் நம் கையில் இல்லை. எக்சோசோமின் பெரிய வாய்ப்பு அங்கேதான் என்று நான் கருதுகிறேன்.

இனித் தடைகள். சிரை வழியாக ஏற்றினால் பெரும்பங்கு கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் போய்விடுகிறது. ரத்தத்தில் நிமிடக் கணக்கில்தான் தங்குகிறது. மார்பான் குழுவே பன்றிகளில் சோதித்து 2017இல் வெளியிட்ட முடிவில், இதயத்தசைக்குள் நேரடியாக ஊசி போட்டபோது பயன் தெரிந்தது. இதய ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தியபோது தெரியவில்லை. தயாரிப்பும் சிக்கல்தான். அதே செல்லை வேறு கலத்தில், வேறு திரவத்தில் வளர்த்தால் வரும் எக்சோசோமும் மாறிவிடும். ஒவ்வொரு தொகுதியும் முந்தையதைப் போலவே இருக்கிறது என்று காட்ட முடியாத வரை அதை மருந்து என்று சொல்ல முடியாது.

எலியில் வென்றது மனிதரிடம் வெல்லும் என்ற உறுதியும் கிடையாது. ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இறுக்கித் தளர்த்தினால், ரத்தத்தில் கிளம்பும் ஏதோ ஒன்று இதயத்தைக் காக்கிறது என்று விலங்குகளில் கண்டார்கள். அந்த ஏதோ ஒன்றில் எக்சோசோமுக்கும் பங்குண்டு என்று லண்டன் ஆய்வாளர்கள் சொன்னார்கள். சிறு மனிதச் சோதனைகளும் நம்பிக்கை தந்தன. பிறகு ஐரோப்பாவில் மாரடைப்பு வந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் முறையாகச் சோதித்தார்கள். 2019இல் முடிவு வந்தது: ஒரு பயனும் இல்லை.

நம் ஊருக்கு இன்னொரு கவலையும் சேர்கிறது. நீரிழிவு உள்ள விலங்குகளின் எக்சோசோம்கள் இதயத்தைக் காக்கும் குணத்தை இழந்துவிடுகின்றன. சில நேரம் புதிய ரத்தக்குழாய் முளைப்பதையே தடுக்கின்றன. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு கணக்கிட்டது. பக்கத்துப் புதுச்சேரியில் விகிதம் 26 விழுக்காட்டைத் தாண்டுகிறது. இளம், ஆரோக்கியமான, சர்க்கரை இல்லாத எலியில் கிடைத்த முடிவை வைத்து, பதினைந்து வருடம் சர்க்கரை மாத்திரை விழுங்கிய நம் பெரியவருக்கு உறுதி சொல்ல முடியுமா?

மனிதரிடம் முறையான சோதனை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. 2000இல் தொடைத்தசைச் செல்களை இதயத்தில் வைத்த அதே மெனாஷே, கால் நூற்றாண்டுக்குப் பிறகு செல்லைக் கைவிட்டு அதன் சுரப்புக்கு வந்திருக்கிறார். ஸ்டெம் செல்லிலிருந்து உருவாக்கிய இதய முன்னோடிச் செல்கள் வெளியிடும் நுண்பைகளை, இதயச் செயலிழப்பு உள்ள ஒருவருக்கு மூன்று வார இடைவெளியில் மூன்று முறை சிரை வழியாக ஏற்றிய அனுபவத்தை அவருடைய குழு 2024இல் வெளியிட்டது. பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதே இந்தக் கட்டத்தின் நோக்கம். தான் தொடங்கிவைத்த வழி போதவில்லை என்று கண்டு, வயதான காலத்தில் வழியை மாற்றிக்கொண்ட அந்த மருத்துவரை நான் வணங்குகிறேன்.

இப்போது திட்டக்குடிக்கு வருகிறேன். உயிருள்ள செல்லைக் கொண்டு செய்யும் சிகிச்சைக்குச் சிறப்பு ஆய்வகம் வேண்டும், திரவ நைட்ரஜன் வேண்டும், செல்லை உருக்கிய சில மணி நேரத்துக்குள் நோயாளிக்குச் செலுத்தத் தேர்ந்த குழு வேண்டும். இது பெருநகரத்தை விட்டு வெளியே வராது. எக்சோசோமுக்கு உயிர் இல்லை. பெருகாது, கட்டியாக வளராது. குளிரில் உறையவைத்துச் சேமிக்கலாம். தகுந்த சர்க்கரைப் பொருள் சேர்த்து உறையவைத்து உலர்த்திப் பொடியாக்கவும் முடிகிறது. அந்தப் பொடி குணம் கெடாமல் இருக்கும் என்பது உறுதியானால், குளிர்பெட்டியில் ஒரு குப்பியாக வட்டார மருத்துவமனையில் வைக்கலாம். 108 ஊர்தியிலும் வைக்கலாம். தசையைக் காக்கும் மருந்து தேவைப்படும் நேரம் முதல் சில மணி நேரம்தான். அந்த நேரத்தில் திட்டக்குடி நோயாளி, இதயக்குழாய் அடைப்பை நீக்கும் கேத் லேப் இருக்கும் ஊரை நோக்கி விருத்தாசலம் சாலையிலோ தொழுதூர் சாலையிலோ போய்க்கொண்டிருப்பார். ஆகவே பெரிய மருத்துவமனையில் மட்டும் கொடுக்கத்தக்க எக்சோசோம் மருந்து நமக்குப் பாதி மருந்துதான்.

சிறிய மருத்துவமனையிலேயே மருந்து கொடுத்துப் பெரிய இடத்துக்கு அனுப்பும் இந்தப் பாதை கற்பனையில்லை, போட்டாயிற்று. கோவை, சென்னை இதய மருத்துவர்கள் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஆய்வு, சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸாலும் ஈசிஜி அனுப்பும் கருவியாலும் இணைத்தது. சிறிய இடத்திலேயே ரத்தக்கட்டி கரைக்கும் ஊசி போட்டு, பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பினார்கள். 2,420 நோயாளிகள். ஓராண்டு இறப்பு 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017இல் முடிவு வெளியானது. புது மருந்து எதுவும் இல்லை, ஒழுங்கு மட்டும்தான். 2023இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் என 14 மாத்திரைகளை முதல் தவணையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். எக்சோசோம் நாளை வந்தால் இந்த வரிசையில் இன்னொரு குப்பியாக வர வேண்டும்.

எக்சோசோம் மருந்தை நம் நாட்டிலேயே செய்ய முடியுமா? திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இதய வால்வு செய்தபோது முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வென்று, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க வழியில்லாத ஏழைகள் அதனால் பிழைத்தார்கள். எக்சோசோமுக்கு மூலப்பொருளும் நம்மிடம் வீணாகிறது. தொப்புள்கொடியிலிருந்து எடுக்கும் செல்கள் இதற்கு நல்ல ஊற்று. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில் நடக்கின்றன. கொடி குப்பைக்குப் போகிறது. தாயின் ஒப்புதலோடு அதைப் பெற்று, பொதுத்துறை நிறுவனம் ஒன்று மருந்துத் தரத்தில் தயாரிப்பதற்கு அறிவியல் தடை எதுவும் இல்லை. மனமும் பணமும் பத்தாண்டுப் பொறுமையும் வேண்டும்.

விளம்பரத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன். எக்சோசோம் ஊசி போட்டால் அப்பாவின் இதயம் சரியாகிவிடுமாமே, சில லட்சம் கேட்கிறார்கள், நிலத்தை அடகு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. வேண்டாம். இதயநோய்க்கு எந்த நாட்டிலும் அங்கீகாரம் பெற்ற எக்சோசோம் மருந்து இன்று கிடையாது. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் இத்தகைய ஊசிகளால் நோயாளிகள் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிறகு, 2019 டிசம்பரில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் பொதுமக்களை எச்சரித்தது. நம் நாட்டில் 2017 தேசிய வழிகாட்டுதல்கள், ரத்த நோய்களுக்கான மாற்று சிகிச்சை தவிர மற்ற ஸ்டெம் செல் பயன்பாடுகளை முறையான சோதனைக்கு வெளியே செய்யக்கூடாது என்கின்றன. உண்மையான சோதனை என்றால் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் இருக்கும், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும், உங்கள் மொழியில் ஒப்புதல் படிவம் இருக்கும், பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு இருக்கும். மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த அவையில் இருக்கும் மருத்துவர்களுக்கும் கல்லூரிக்கும் அரசுக்கும் என் வேண்டுகோள் இது. இதயத்துக்கான எக்சோசோம் சோதனை தமிழ்நாட்டில் தொடங்கும் நாளில், அதன் மையங்களில் ஒன்றாவது விருத்தாசலம், திட்டக்குடி போன்ற ஊரின் அரசு மருத்துவமனையாக இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகளை விலக்காமல் சேருங்கள். அதுவரை, நெஞ்சில் பாரமோ தாடையிலும் இடது கையிலும் பரவும் வலியோ காரணமில்லாத வியர்வையோ வந்தால், வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். பக்கத்து அரசு மருத்துவமனையில் உடனே ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள்.